உள்ளத்து உழைப்பும் அளவுகோலும்

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவை நான்கு வகைப்படும் என்பர் நம் முன்னோர். தேங்காயை எண்ணினர்; பொன்னை எடுத்தனர்; நெல்லை முகந்தனர்; துணியை நீட்டினர். சந்தைக்கு வரும் பொருள் அனைத்தும் இந்நான்கனுள் ஒன்றற்கு அடங்கிற்று. சந்தைக்கு வாராத பொருளை அளத்தற்கு அவர் கோல் செய்திலர். இக்காலத்து அறிஞரோ, மனத்தின்கண் நிகழ்வனவற்றையும் அளக்கப் புகுந்துள்ளனர். ஆட்டிசம் உடைய பிள்ளைகளின் தாய் தந்தையர் தம் உள்ளத்தால் நாள்தோறும் செய்யும் உழைப்பு எத்துணை என்பது அவர் அளக்க முயலும் பொருள்களுள் ஒன்று. எம் தம்பி அத்தகைய பிள்ளை, வயது பதின்மூன்று. ஆதலின் இஃது எமக்கு நூலகத்திற் கண்ட செய்தி மட்டுமன்று.

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு சொல். ஆட்டிசம் என்பதனை அரசாங்கத் தாள்களில் ‘புற உலகச் சிந்தனையின்மை’ என்றும், பத்திரிகைகளில் ‘மதியிறுக்கம்’ என்றும் மொழிபெயர்த்து வழங்குகின்றனர். தமிழ் பயிலும் எமக்கு இவ்விரண்டும் உவப்பாயில்லை. தெருமுனையில் திரும்பும் பேருந்தைக் காணுமுன்னரே அதன் ஓசை கொண்டு இன்ன எண்ணுள்ள வண்டி என்று சொல்லும் சிறுவனுக்குப் புற உலகச் சிந்தனை இல்லையென்பது எங்ஙனம் பொருந்தும்? இறுக்கம் என்பதோ மதியில் இருப்பதாகத் தெரியவில்லை. கூட்டத்திலும் இரைச்சலிலும் அவன் தோள்களில் அதனைக் கண்டதுண்டு. நற்பெயர் ஒன்று வாய்க்குமளவும் ஆட்டிசம் என்றே எழுதுவோம்.

உள்ளத்து உழைப்பு என்னும் கருத்தை உலகிற்கு அறிமுகம் செய்தவர் ஆர்லி ஹோக்ஷில்ட் என்னும் அமெரிக்கச் சமூகவியற் பேராசிரியை. 1983-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில், விமானத்திற் பயணிகளை உபசரிக்கும் பணிப்பெண்டிரையும், கடன் தண்டுவதைத் தொழிலாகக் கொண்டாரையும் அவர் ஆராய்ந்தார். முன்னவர் எரிச்சலை விழுங்கி முறுவலிக்க வேண்டும். பின்னவர் இரக்கத்தை விழுங்கிச் சினக்க வேண்டும். தோள்வலி விற்கப்படுதல் போலவே முகக்குறிப்பும் கூலிக்கு விற்கப்படுகின்றது என்பது அவர் கண்ட உண்மை. முகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுதல் ஒருவகை. உள்ளத்தையே வருந்தித் திருத்தி மெய்யாகவே அவ்வுணர்ச்சியை வருவித்துக்கொள்ளுதல் மற்றொரு வகை. கூலியின்றி வீட்டில் நிகழும் இத்தகைய முயற்சிக்கு அவர் வேறு பெயர் தந்து பிரித்து வைத்தார். 2003-ஆம் ஆண்டில் பிராதரிட்ஜ், லீ என்னும் இருவர் இவ்வுழைப்பை அளக்க 15 கூறுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டனர். அதுவும் சம்பளத்திற்கு வேலை செய்வாரைக் கருதியதே.

இக்கருத்தைப் படித்தபொழுது எமக்கு நினைவில் எழுந்தது தொல்காப்பியம். பொருளதிகாரத்தின் ஆறாம் இயல் மெய்ப்பாட்டியல். உள்ளத்தில் நிகழ்வது உடம்பின்கண் வெளிப்படுதலே மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாக அதனை வகுத்து, ஒவ்வொன்றும் நந்நான்கு நிலைக்களன்களிற் பிறக்குமென 32 காட்டுவர் ஆசிரியர். கண்ணாலும் செவியாலும் நுணுகி உணரவல்லார்க்கன்றிப் பிறர்க்கு இவை புலனாகா என்பது இயலின் இறுதியில் அவர் தரும் எச்சரிக்கை. உணர்ச்சியை வகுத்தெண்ணிய முதல் முயற்சி தமிழில் இதுவே போலும். ஆயின் விமானப் பணிப்பெண்ணின் உழைப்போ, பிறந்த மெய்ப்பாட்டைத் தோன்றாமற் செய்தலும் பிறவாததைத் தோன்றச் செய்தலுமாம். அவ்வுழைப்பு எத்துணைச் செவ்விதாக நிகழ்கின்றதோ அத்துணைக்குக் காண்பார் கண்ணிற்கு ஒன்றும் புலப்படாது. (எட்டின் புறத்தே ஆசிரியர் கூட்டிச் சொல்லும் மெய்ப்பாடுகளுள் அடக்கமும் ஒன்றென்பதை எம் வகுப்புத் தோழர் எடுத்துக்காட்டுவர், உண்மையே. அடக்கமும் கூர்ந்து நோக்குவார்க்குத் தெரியும் போலும்.)

பெற்றோர் படும் பாட்டை அறிஞர் எண்ணத் தலைப்பட்டது அண்மையில்தான். அதற்கு முன் நெடுங்காலம் அவர் எண்ணியது பெற்றோரின் குற்றத்தை. 1943-ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரத்து மருத்துவர் லியோ கானர், 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஆட்டிசத்தைத் தனித்தவொரு நிலையாகக் காட்டினார். அப்பதினொருவருள் முதற் சிறுவனுடைய தந்தையார், மகனைப் பற்றித் தட்டெழுத்தில் 33 பக்கக் கடிதமொன்றை அவருக்கு விடுத்திருந்தார். தந்தையொருவர் தம் மகன் உண்பதையும் உறங்குவதையும் பாடுவதையும் எத்துணை நாள் உற்று நோக்கியிருந்தால் 33 பக்கம் நிரம்பும்! கானரோ, இத்தகைய நுணுக்கமான குறிப்புகளையே பெற்றோரிடத்துக் காணப்படும் மிகைப்போக்கிற்குச் சான்றாகக் காட்டினார்; அக்குழந்தைகளின் தாய் தந்தையருள் கனிந்த நெஞ்சினர் மிகச் சிலரே என்றும் எழுதினார். அன்பின் உழைப்பு அங்கே நோயின் அறிகுறியாகப் படிக்கப்பட்டது. பின்னர்த் தாயைக் குளிர்ப்பெட்டிக்கு ஒப்பிட்டுப் பேசும் வழக்கம் தோன்றிற்று. 1967-இல் புருனோ பெட்டல்ஹைம் எழுதிய நூல் அவ்வழக்கத்திற்குப் பெருவலிமை தந்தது. தாமே ஆட்டிசம் உடைய மகனைப் பெற்றவரும் உளவியலறிஞருமாகிய பெர்னார்டு ரிம்லண்டு 1964-இலேயே இதனை மறுத்து நூல் எழுதியிருந்தும், பழி எளிதில் நீங்கவில்லை. 1969-ஆம் ஆண்டில் பெற்றோர் சங்கத்தார் கூட்டமொன்றில் கானரே எழுந்து, பெற்றோரைக் குற்றத்தினின்றும் விடுவிப்பதாக வெளிப்படையாகக் கூறினார். செய்யாத குற்றத்திற்கு விடுதலை!

யோவான் சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவிக் குருடனைக் கண்டவுடன் சீஷர் கேட்கும் முதற் கேள்வி யார் பாவம் செய்தார் என்பதே. கேள்விக்கு உள்ளானவர்களுள் பெற்றோரும் அடங்குவர். ஆண்டவர் அங்ஙனமன்று என்று விடையளித்து ஏறத்தாழ 2000 ஆண்டுகள் ஆகியும், எங்கள் இல்லத்திற்கு ஜெபிக்க வரும் நல்லவர் சிலர் அக்கேள்வியைச் சுற்றிவளைத்துக் கேட்டே செல்கின்றனர். கர்ப்ப காலத்தில் எதைக் கண்டு பயந்தீர்கள், பிள்ளையிடம் போதிய அளவு பேசினீர்களா, கைபேசி கொடுத்தீர்களா என்று அது பல உரு எடுக்கும். எம் அன்னையார் எல்லாவற்றிற்கும் அமைதியாக விடையிறுத்துக் காப்பி கொடுத்து அனுப்புவார்.

இனி அளவுகோலுக்கு வருவோம். எம் தம்பிக்கு ஓர் எண் உண்டு. செகந்திராபாத்திலுள்ள தேசிய நிறுவனம் உருவாக்கிய இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல் 2009-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் வழங்குகின்றது. அதில் 40 கூறுகள். ஒவ்வொன்றிற்கும் 1 முதல் 5 வரை மதிப்பு. 70-க்குக் குறைந்தால் ஆட்டிசம் இல்லை. 107 முதல் 153 வரை நடுத்தரம். தம்பிக்குக் கிடைத்தது 121. அவ்வெண்ணைக் கொண்டே சான்றிதழ் கிடைக்கும். சான்றிதழைக் கொண்டே சலுகை கிடைக்கும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளுள் ஆட்டிசத்தையும் சேர்த்துள்ளது. மிகுந்த துணை வேண்டுவோர்க்குப் பராமரிப்பாளர் படி என்பதனையும் அதன் 24-ஆம் பிரிவு குறிப்பிடுகின்றது. ஆகவே எண்ணை இகழ்வது எம் கருத்தன்று. எண்ணில்லாதாரை அரசாங்கம் காண்பதில்லை. தம்பியின் கோப்பில் 121 என்னும் எண் இருக்கின்றது. அக்கோப்பைச் சுமந்து நான்கு அலுவலகம் ஏறி இறங்கிய அன்னையார்க்கு எண்ணொன்றும் இல்லை.

சென்ற ஆண்டு அதுவும் கிடைத்தது. சமூகப்பணி பயிலும் மாணவி ஒருத்தி தன் ஆய்வின் பொருட்டு எங்கள் இல்லம் வந்தாள். அவள் கொணர்ந்த வினாத்தாள், 1981-ஆம் ஆண்டில் பாய், கபூர் என்னும் அறிஞர் இருவர் மனநோயாளரின் குடும்பத்தார் பொருட்டு வெளியிட்டதைத் தழுவியது. பணம், அன்றாட வேலை, ஓய்வு, உறவினரோடு பழக்கம், உடல்நலம், மனநலம் என்னும் ஆறு தலைப்பின்கீழ் 24 கூறுகள். சுமையில்லையேல் 0, ஓரளவாயின் 1, மிகுதியாயின் 2. அப்பெண் மிகுந்த பண்புடையவள். கூடத்தில் பாய் விரித்து அமர்ந்து, ஒவ்வொரு வினாவையும் தாழ்ந்த குரலிற் படித்தாள்.

“இவனாலே உங்கள் ஓய்வு நேரம் குறைந்திருக்கிறதா அம்மா?”

“இல்லையம்மா. எனக்கு என்ன ஓய்வு வேண்டியிருக்கிறது?”

“உறவினர் வீட்டு விசேஷங்களுக்குப் போகமுடியாமல் இருக்கிறதா?”

“முக்கியமானதற்குப் போய்வருவோம்.”

இவ்விடைகள் பகரும்பொழுது அன்னையாரின் இடக்கை தம்பியின் உள்ளங்கையை அழுத்திக்கொண்டிருந்தது; அங்ஙனம் அழுத்தினால்தான் புதியவர் முன்னிலையில் அவன் அமர்ந்திருப்பான். அடுப்பில் குக்கர் வைத்திருந்தார்கள். விசில் ஒலி அவனைத் துன்புறுத்துமாதலின், அது எழுவதற்குச் சற்று முன்னரே எழுந்து சென்று தீயைத் தணித்து மீள்வார். விருந்தாளி அதனை அறியாவண்ணம் மீள்வார். மூன்று முறை அங்ஙனம் எழுந்தார். வினாத்தாளில் அதற்கு இடமில்லை. நிறைவாக, எல்லாம் சேர்த்துப் பார்த்தால் இவனாலே நீங்கள் எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறீர்கள் என்று அப்பெண் வினவினாள். அன்னையார் அவளை ஏறிட்டு நோக்கி, “அவனாலா?” என்று மட்டும் கேட்டார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய பென்சில் 0-க்கும் 1-க்கும் இடையே சிறிது நேரம் நின்றது. பிறகு 0 என்று எழுதினாள். 24 கூறுகளின் மொத்தம், 48-க்கு 9.

அந்த ஒன்பது எம்மைப் பலநாள் வருத்திற்று. ஒரு சனிக்கிழமையன்று, காலை ஆறு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை, ஒரு குறிப்பேட்டில் யாமே எண்ணிப் பார்த்தோம். சனிக்கிழமை தோறும் தம்பி ஒரு கேள்வி கேட்பான்: “நாளைக்குக் கோயில் உண்டா?” அன்று 74 முறை கேட்டான். 74 முறையும், “உண்டு ராசா, எட்டரை மணிக்கு” என்னும் விடை வந்தது. விடை அறியாமல் அவன் கேட்பதில்லை. அச்சொற்கள் அதே குரலில் மீண்டும் வருதல் அவனுக்கு ஓர் ஊன்றுகோல். குரல் சற்றே கடுத்தாலும் கலங்கிவிடுவான். ஆகவே அன்னையார் அறுபதாம் முறை தந்த விடை முதல் முறை தந்ததைப் போலவே இருந்தது. கேட்பவர் செவிக்கு இரண்டும் ஒன்று. தருபவர்க்கு இரண்டும் ஒன்றாகா. எண்ணல் அளவையால் 74 என்று எழுதினோம். அறுபதாவது விடையின் எடையை எடுத்தற்கு எங்கள் ஊர்த் தராசு உதவாது.

ஆயினும் குறிப்பேட்டின் மறுபக்கமே எமக்குப் புதிய செய்தி தந்தது. அன்று அன்னையார் வருவித்துக்கொண்ட முறுவல் 11. மேல்மாடியில் வசிப்போர் நேற்றிரவு சத்தம் கேட்டதே என்றபொழுது ஒன்று; காய்கறிக் கடையில் தம்பி கைகளை உதறிக் குதித்தபொழுது சுற்றி நின்றாரை நோக்கி இரண்டு; உறவினர் ஒருவர் தொலைபேசியில் புதியதொரு நாட்டு மருந்தைப் பரிந்துரைத்தபொழுது, முகம் காணாரென்று அறிந்தும், ஒன்று; இவ்வாறே பிறவும். இப்பதினொன்றில் ஒன்றேனும் தம்பிக்காக எழுந்ததன்று. அவன் பிறர் முகத்தை நோக்குவதே அரிது. அவன்முன் முகத்தை ஒப்பனை செய்துகொள்ள வேண்டுவதில்லை. களைத்தால், “அம்மாவுக்குக் களைப்பாயிருக்கிறது” என்று அவனிடம் உள்ளபடியே சொல்லிச் சுவரிற் சாய்ந்து கண்மூடுவார். அவன் அருகில் அமர்ந்து பேருந்து எண்களைச் சொல்லிக்கொண்டிருப்பான். அவர் முகம் அவர்க்கே உரியதாய் இருக்கும் நேரம் அது ஒன்றே என்று எமக்குத் தோன்றுகின்றது.

“அவனாலா?” என்னும் அந்த ஒரு சொல் அதன்பின்னரே எமக்கு விளங்கிற்று. வினாத்தாள், சுமை அனைத்தையும் பிள்ளையின் கணக்கில் எழுதுகின்றது. இவனாலே இழந்தது, இவனாலே குறைந்தது என்று. உறக்கம் குன்றுதலும் பொருட்செலவும் ஒருவாறு அக்கணக்கிற் சேரும். உள்ளத்து உழைப்பில் பெரும்பங்கோ காண்பார் பொருட்டுச் செலவாகின்றது: திரும்பிப் பார்ப்பவர், அறிவுரை கூறுபவர், இவனை வேறு பள்ளியிற் சேர்த்தால் நன்று என்று இனிமையாகச் சொல்லி அனுப்பும் தலைமையாசிரியர். இவர்களிடம் அன்னையார் செலவிடும் பொறுமைக்குப் பற்றெழுத வேண்டிய பேரேட்டில் தம்பியின் பெயரை எழுதுதல் நீதியாகுமா? 1993-ஆம் ஆண்டில் ஜிம் சின்க்ளேர் என்னும் ஆட்டிசம் உடைய எழுத்தாளர், எங்களுக்காகப் புலம்பாதீர் என்று பெற்றோரை நோக்கி ஒரு கட்டுரை எழுதினார். நீங்கள் வருந்துவது எதிர்பார்த்து வாராத பிள்ளைக்காக. வந்திருக்கும் பிள்ளை உங்கள்முன் நிற்கின்றானே என்பது அதன் கருத்து. தன்னைச் சுமையென்று எண்ணுகின்ற தாள்கள் ஒருநாள் தம்பியின் கையிலும் கிடைக்கக்கூடும். அவனுக்குப் படிக்கத் தெரியும்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மார்ஷா மைலிக் செல்ட்சர் முதலானோர் 2010-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இவ்வகையில் நினைக்கத்தக்கது. ஆட்டிசம் உடைய வளர்ந்த பிள்ளைகளின் தாய்மாரை அவர்கள் எட்டு நாள் தொடர்ந்து தொலைபேசியில் அன்றன்று நிகழ்ந்ததைக் கேட்டனர். உமிழ்நீரையும் எடுத்துச் சோதித்தனர். மன அழுத்தத்தின்போது உடலிற் சுரக்கும் கார்ட்டிசால் என்னும் நீர் அத்தாய்மாரிடம் பிற தாய்மாரைக் காட்டிலும் குறைவாகக் காணப்பட்டது. குறைவென்றால் நலமென்று எண்ணற்க; நெடுநாள் ஓயாது அழுத்தமுற்ற உடலில் அச்சுரப்பு தளர்ந்துபோகும் என்பர். சிறிய எண் பெரிய பாரத்தைக் குறித்தது. எம் அன்னையாரின் ஒன்பதை யாம் அன்று முதல் வேறு கண்கொண்டு நோக்குகின்றோம். அதே ஆராய்ச்சியில், அத்தாய்மார் அன்றாட நல்லனுபவங்களிலும் பிறர்க்கு உதவுவதிலும் மற்றவர்க்குப் பின்னடையவில்லை என்பதும் தெரியவந்தது. இதனை எங்கள் தெருவார் எவரும் ஆராய்ச்சியின்றியே சொல்லுவர். யார் வீட்டில் காய்ச்சலென்றாலும் கஞ்சி முதலில் செல்வது எங்கள் அடுக்களையினின்றே.

தந்தையாரைப் பற்றி ஒன்றும் எழுதாதது கண்டு படிப்போர் வியக்கலாம். வினாத்தாள்களும் அவரை அதிகமாக வினவுவதில்லை. அவரிடம் யாம் கண்டது ஒன்று: தம்பியோடு பேருந்தில் ஏறும்பொழுது, எவரும் ஒன்றும் சொல்லுமுன்னரே, ‘மன்னிக்கவேண்டும்’ என்னும் முகக்குறிப்போடு ஏறுவார். அலுவலகத்தில் அதிர்ந்து பேசுபவர் என்று அவரைப் பற்றிக் கேள்வி.

வினாத்தாள் வேண்டாவென்று யாம் சொல்லவில்லை. வினாக்களைச் சிறிது திருப்பிக் கேட்கலாம் என்கின்றோம். இவ்வாரத்தில் எத்துணைப் பேரிடம் உம் பிள்ளையைப் பற்றி விளக்கம் கூற நேர்ந்தது? எத்துணை இடங்களில் விளக்கம் கூறாமலே இருக்க முடிந்தது? அதே தாளின் மறுபுறத்தை அண்டை வீட்டாரும் பள்ளியாரும் சபையாரும் நிரப்பட்டும்: எத்துணை முறை திரும்பிப் பார்த்தீர்?

சபையென்றவுடன் ஒன்று கூறவேண்டும். எம் அன்னையார் மணமான புதிதில் ஆலயப் பாடகர் குழுவில் ஆல்ட்டோ பாடியவர். தம்பி பிறந்தபின் அது நின்றது. ஆர்கன் முழுக்கத்தோடு எழுந்தால் தம்பி செவிகளைப் பொத்திக்கொண்டு வீறிடுவான்; ஆகையால் முதற் சரணம் தொடங்குமுன்னரே அவனை அழைத்துக்கொண்டு முன்மண்டபத்திற்குச் சென்றுவிடுவார். அங்கு நின்று, உள்ளே நடப்பதற்குத் தக்கபடி உதடசைத்துக்கொண்டிருப்பதை யாம் பலமுறை கண்டுள்ளோம். ஆர்கன் வாசிப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், அதிகம் பேசாதவர். எவரும் அவரிடம் ஒன்றும் கேட்டதில்லை. சென்ற லெந்து காலத்து ஞாயிறு ஒன்றில், வழக்கமான முழக்கத்தை விடுத்து, ஒற்றைக் குழலின் மெல்லிய ஒலியில் இராகத்தைத் தொடங்கினார். அடுத்த வரியில் சிறிது கூட்டினார். அதற்கடுத்த வரியில் இன்னும் சிறிது. தம்பி கைகளைச் செவியருகே கொண்டுசென்று, அங்கேயே நிறுத்தி, பிறகு மடியில் வைத்துக்கொண்டான். அன்னையார் எழுந்து செல்லவில்லை. அப்பாமாலைக்கு ஐந்து சரணம். யாம் எண்ணிக்கொண்டிருந்தோம், ஐந்தும் பாடினார், கடைசிச் சரணத்தை ஆல்ட்டோவில்.